சிறு சதுரமும் பெருங்கணிதமும்

சதுரம் யாவரும் அறிந்த வடிவம். நான்கு பக்கங்களும் ஒத்து, நான்கு மூலைகளும் செங்கோணமாக அமைந்த அவ்வடிவத்தைத் தரையில் பதித்த கல்லிலும், மடித்து வைத்த கைக்குட்டையிலும், சதுரங்கப் பலகையிலும் மக்கள் நாள்தோறும் காண்கின்றனர். கண்ணுக்குப் பழகிய பொருளைக் கருத்து ஊன்றி நோக்குவார் சிலரே. அவ்வாறு நோக்கிய ஒருவர் அதனுள்ளே பெருங்கணிதம் ஒன்றைக் கண்டார். அவர் கண்டது யாது, கண்ட வழி யாது என்பதே இப்பாடத்தின் பொருள்.

சதுரத்தின் ஒரு பக்கம் 5 அலகாயின் அதன் பரப்பு 5 × 5 = 25 சதுர அலகாகும். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்க வருவதனை அவ்வெண்ணின் வர்க்கம் என்பர். 25 என்பது 5 இன் வர்க்கம். 5 என்பது 25 இன் வர்க்கமூலம். பக்கத்தை அறிந்து பரப்பைக் காண்பது வர்க்கம். பரப்பை அறிந்து பக்கத்தைக் காண்பது மூலம். ஒன்று ஏறும் படி. மற்றொன்று இறங்கும் படி.

இவை ஏட்டுக் கணக்கில் மட்டும் வாழ்வன அல்ல. திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் அருள்புரம் என்னும் ஊர் உள்ளது. அதனைச் சூழ்ந்த பகுதி பின்னலாடைத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே துணியின் கனத்தை, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிடுவர். இதனை ஜி.எஸ்.எம். என்று கூறுவது தொழில் வழக்கு. இவ்வளவைக் காண ஒரு சதுர மீட்டர் துணியை வெட்டி வீணாக்குவதில்லை. 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு வட்டத்துண்டை மட்டும் கருவி கொண்டு வெட்டி நிறுப்பர். அத்துண்டு 1.8 கிராம் இருப்பின் துணியின் கனம் 180 கிராம் என்பர். நூறால் பெருக்குவது ஏன்? ஒரு மீட்டர் 100 சென்டிமீட்டர் ஆதலின், ஒரு சதுர மீட்டர் 100 இன் வர்க்கமாகிய 10,000 சதுர சென்டிமீட்டர் ஆகும். வெட்டிய துண்டு அதில் நூற்றில் ஒரு பங்கு. இனி, அவ்வட்டக் கருவியின் ஆரம் எவ்வளவு இருத்தல் வேண்டும்? நூறை 3.1416 ஆல் வகுத்து, வந்த ஈவுக்கு வர்க்கமூலம் காண, ஏறத்தாழ 5.64 சென்டிமீட்டர் வரும். துணியை வெட்டும் சிறு கருவிக்குள்ளும் ஒரு வர்க்கமும் ஒரு வர்க்கமூலமும் அடங்கியுள்ளன.

பண்டைத் தமிழரும் வர்க்கத்தை வாழ்வோடு இணைத்தே கற்றனர். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி பயின்ற சிறுவர் குழிமாற்று என்னும் வாய்பாட்டை மனப்பாடம் செய்தனர். முழு எண்ணின் வர்க்கத்தைப் பெருங்குழி என்றும், பின்னத்தின் வர்க்கத்தைச் சிறுகுழி என்றும் வழங்கினர். நிலப்பரப்பை அளக்கும் அலகு ஒன்றுக்கும் குழி என்றே பெயர். நிலத்தை அளந்த சொல்லே எண்ணையும் அளந்தது.

வர்க்க எண்களுக்குச் சில அரிய இயல்புகள் உண்டு. அவற்றுள் இரண்டினை இங்கே காண்போர் பின்வருவனவற்றை எளிதில் உணர்வர்.

முதலாவது இயல்பு ஒற்றை எண்களைப் பற்றியது.

1 = 1
1 + 3 = 4
1 + 3 + 5 = 9
1 + 3 + 5 + 7 = 16

ஒன்று முதலான ஒற்றை எண்களை வரிசை தவறாது கூட்டிவர, வர்க்க எண்களே தோன்றுகின்றன. இதன் காரணத்தைப் புளியங்கொட்டைகளைக் கொண்டே அறியலாம். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசையில் ஒன்பது கொட்டைகளைச் சதுரமாக அடுக்குக. அதனை வரிசைக்கு நான்காக வளர்க்க, ஒரு பக்கத்தில் மூன்றும், அடுத்த பக்கத்தில் மூன்றும், மூலையில் ஒன்றும் ஆக ஏழு கொட்டைகள் வேண்டும். அதற்கு மேல் வளர்க்க ஒன்பது வேண்டும். சதுரம் வளருந்தோறும் தேவை இரண்டிரண்டாக உயர்வதனால் ஒற்றை எண்கள் வரிசையாக வருகின்றன.

இரண்டாவது இயல்பு அண்டை எண்களைப் பற்றியது. 20 சாண் நீளமும் 20 சாண் அகலமும் உள்ள துணியின் பரப்பு 400 சதுரச் சாண். நீளத்தில் ஒரு சாண் கூட்டி, அகலத்தில் ஒரு சாண் குறைப்பின் என்ன ஆகும்? சுற்றளவு மாறாது. ஆயினும் பரப்பு 21 × 19 = 399 ஆகும். ஒரு சதுரச் சாண் குறைந்தது. எந்த எண்ணை எடுத்துக்கொள்ளினும் இவ்வாறே நிகழும். 4 × 4 = 16; 5 × 3 = 15. 9 × 9 = 81; 10 × 8 = 80. ஓர் எண்ணின் வர்க்கம், அதன் இருபுறத்து எண்களின் பெருக்கற்பலனினும் ஒன்று மிகுதியாக இருக்கும். இவ்விதி மிக எளியது. எளியது என்று பலரும் கடந்து செல்லும் இவ்விடத்தில் ஓர் இளைஞர் நின்றார். அவரே சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில், தம் தாயின் பெற்றோர் வாழ்ந்த இல்லத்தில் பிறந்தார். கொங்கு நாட்டின் துணி வணிகத்திற்குத் திருப்பூரைப் போன்றே பெயர் பெற்ற நகரம் ஈரோடு. அவர்தம் குடும்பம் வாழ்ந்த ஊர் கும்பகோணம். தந்தையார் அங்கே ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. வருவாய் மிகக் குறைவு. தாயார் கோமளத்தம்மாள் மகனைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தார். 1897ஆம் ஆண்டு நடந்த தொடக்கப் பள்ளித் தேர்வில் இராமானுஜன் தஞ்சை மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். மறு ஆண்டில் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

பள்ளிச் சிறுவராய் இருந்த நாளிலேயே அவர் உள்ளத்தைக் கவர்ந்த பொருள்களுள் ஒன்று மாயச் சதுரம். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அவர்தம் குறிப்பேடுகளின் முதல் இயல் மாயச் சதுரத்தைப் பற்றியதே ஆகும். அவ்வியலில் உள்ள கருத்துகள் அவர் பள்ளியில் பயின்ற காலத்தைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர் கருதுவர்.

மாயச் சதுரம் என்பது யாது? கட்டங்களாகப் பிரித்த ஒரு சதுரத்தில் எண்களை நிரப்ப, இடமிருந்து வலமாகக் கூட்டினும், மேலிருந்து கீழாகக் கூட்டினும், மூலைக்கு மூலை கூட்டினும் ஒரே தொகை வருமாயின் அது மாயச் சதுரமாகும். ஒன்று முதல் ஒன்பது வரை உள்ள எண்களால் அமைந்த சதுரம் இது:

8 1 6
3 5 7
4 9 2

இதனை எவ்வழிக் கூட்டினும் 15 வரும். பலர் இதனைக் கண்டு வியந்து அமைவர். வியப்போடு நில்லாமல், "ஏன் 15? நடுவில் ஏன் 5?" என்று வினவுபவரே கணிதத்தின் வாயிலை அடைவர்.

முதல் வினாவிற்கு விடை எளிது. ஒன்று முதல் ஒன்பது வரை கூட்ட 45 ஆகும். அது மூன்று வரிசைகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதனால் வரிசைக்கு 15 வரும். இரண்டாவது வினாவிற்குச் சற்றே எண்ணுதல் வேண்டும். நடுக்கட்டத்தின் வழியே செல்லும் வரிகள் நான்கு. அவை, கிடைவரிசை ஒன்று, நெடுவரிசை ஒன்று, மூலைவரிசை இரண்டு. நான்கினையும் கூட்ட 60 வரும். இக்கூட்டலில் மற்றைக் கட்டங்கள் எட்டும் ஒருமுறையே இடம்பெற, நடுக்கட்டம் மட்டும் நான்கு முறை இடம்பெறுகின்றது. எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை கூட்டிய தொகை 45. ஆகவே 60 இல் 45 போக எஞ்சிய 15, நடு எண்ணின் மும்மடங்கு ஆகும். நடு எண் 5 ஆகவே இருத்தல் வேண்டும். வேறோர் எண் அங்கே அமர வழியில்லை. மாயம் என்று தோன்றியது நியதி என்று தெளிவாகின்றது.

இத்தகைய சதுரத்தை அமைக்கும் வழிகளையும் இராமானுஜன் ஆராய்ந்தார். ஒரு பெரிய சதுரத்தை இரண்டு எளிய சதுரங்களின் கூட்டாகக் காண்பது அவ்வழிகளுள் ஒன்று. 0, 3, 6 என்னும் மூன்று எண்களைக் கீழ்வருமாறு அடுக்குக:

6 0 3
0 3 6
3 6 0

1, 2, 3 என்னும் எண்களை இவ்வாறு அடுக்குக:

2 1 3
3 2 1
1 3 2

முதற்சதுரத்தில் எவ்வரியைக் கூட்டினும் 9, இரண்டாவதில் 6. ஒத்த இடத்து எண்களை ஒன்றோடொன்று கூட்டுக. 6 + 2 = 8; 0 + 1 = 1; 3 + 3 = 6. இவ்வாறே கூட்டிச் செல்ல, முன்னர்க் கண்ட மாயச் சதுரமே தோன்றும். 0, 3, 6 என்பவற்றுக்கு மாறாகச் சமமான இடைவெளியில் அமைந்த வேறு மூன்று எண்களை வைப்பின் வேறொரு சதுரம் கிடைக்கும். ஒன்றை அமைக்கும் வழி அறிந்தவன் எண்ணற்றவற்றை அமைக்க வல்லவனாகின்றான். ஒரு சதுரத்தை மனப்பாடம் செய்வதற்கும் அதன் அமைப்பை அறிவதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

மேற்கண்ட சதுரத்தில் வர்க்க எண்களும் ஒளிந்து விளையாடுகின்றன. முதல் வரிசை எண்களின் வர்க்கங்களைக் கூட்டுக: 64 + 1 + 36 = 101. இறுதி வரிசையிலும் 16 + 81 + 4 = 101. முதல் நெடுவரிசையில் 64 + 9 + 16 = 89; இறுதி நெடுவரிசையில் 36 + 49 + 4 = 89. மேலும், வரிசைகளை 816, 357, 492 என்னும் மூவிலக்க எண்களாகப் படித்து, அவற்றின் வர்க்கங்களைக் கூட்ட 10,35,369 வரும். அவற்றையே வலமிருந்து இடமாக 618, 753, 294 என்று படித்து வர்க்கங்களைக் கூட்டினும் அதே 10,35,369 வரும்.

மாயச் சதுரக் கலை இந்திய நாட்டிற்குப் புதியதன்று. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், நறுமணப் பொருள்களைக் கலக்கும் அளவுகளைப் பதினாறு கட்டச் சதுரத்தில் அமைத்துக் காட்டினார். கஜுராகோவிலுள்ள பார்சுவநாதர் கோயிலில், எவ்வழிக் கூட்டினும் 34 வரும் சதுரம் ஒன்று கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. நாராயண பண்டிதர் 1356ஆம் ஆண்டில் இயற்றிய கணித கௌமுதி என்னும் நூலில் இதற்கென ஓர் இயலையே வகுத்தார். இம்மரபின் நூல்கள் அனைத்தையும் கற்கும் வாய்ப்புக் கும்பகோணத்துச் சிறுவருக்கு இல்லை. எனினும் அவர் தாமே வழி கண்டு முன்னேறினார்.

1903ஆம் ஆண்டில் கார் என்பவர் தொகுத்த ஆங்கிலக் கணித நூல் ஒன்று இராமானுஜன் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அந்நூலில் விளக்கமின்றித் தொகுக்கப்பட்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். அன்று முதல் அவர்க்குக் கணிதமன்றி வேறு நினைவில்லை. 1904ஆம் ஆண்டில் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் அவ்வுதவியை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று எழுதிய தேர்விலும், கணிதத்தில் சிறந்தும் ஏனைய பாடங்களில் தவறினார். 1907இல் மீண்டும் எழுதியும் வெற்றி கிட்டவில்லை.

பட்டம் இல்லை, பணி இல்லை, பசி மட்டும் இருந்தது. கணக்கு எழுதத் தாள் வாங்கவும் பொருளில்லாத நிலையில் இராமானுஜன் சிலேட்டுப் பலகையில் எழுதினார். எழுதியதனை முழங்கையால் அழித்து அழித்து மேலும் எழுதினார். இறுதியில் கண்ட முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார். ஆகவேதான் அக்குறிப்பேடுகளில் முடிவுகள் பல. அவற்றை நிறுவும் வழிகள் சில. ஒரு பலகையின் மேல் தோன்றி மறைந்த எண்ணங்கள் எத்தனையோ!

1910ஆம் ஆண்டில் அவர் தம் குறிப்பேட்டை ஏந்தித் திருக்கோவலூர் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர் அங்கே துணை ஆட்சியராய் இருந்தார். தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை கிடைக்குமா என்பதே இராமானுஜன் வேண்டுகோள். ஏட்டைப் புரட்டிய இராமசாமி ஐயர், இத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கீழ்நிலை வேலையில் அடைத்து அழித்தல் தகாது என்று உணர்ந்தார். வேலை தருவதனை விடுத்து, சென்னையிலுள்ள கணித அறிஞர்க்கு அறிமுகம் செய்து அனுப்பினார். அதன் பயனாக நெல்லூர் ஆட்சியராயிருந்த ஆர். இராமச்சந்திர ராவ் திங்கள்தோறும் பொருளுதவி செய்ய முன்வந்தார். ஒருவன் கையில் சான்றிதழ் உண்டா என்று மட்டும் நோக்காது, அவன் கையிலுள்ள ஏட்டைத் திறந்து நோக்கியவர்களால் ஓர் அறிவுச்சுடர் அணையாது காக்கப்பட்டது.

1911ஆம் ஆண்டில் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜன் ஒரு வினாவை விடுத்தார். அவ்விதழின் 289ஆம் வினா அது. கீழ்க்காணும் தொடரின் மதிப்பு யாது என்று அவர் கேட்டார்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

மூலத்திற்குள் மூலமாக இது முடிவின்றிச் செல்கின்றது. ஆடியின் எதிரே ஆடியை வைத்தாற்போல உள்ளே உள்ளே விரிகின்றது. திங்கள் பல கடந்தும் விடை ஒன்றும் வரவில்லை. முடிவில் இராமானுஜனே விடையைத் தெரிவித்தார். விடை 3.

இத்தனை பெரிய தொடர்க்கு இத்தனை சிறிய விடை எவ்வாறு வந்தது? அண்டை எண்களைப் பற்றிய விதியை ஈண்டு நினைவு கூர்க. 3 இன் வர்க்கம் 9. அது 1 + 2 × 4 ஆகும். எனவே 3 = √(1 + 2 × 4). இதிலுள்ள 4 இன் வர்க்கம் 16. அது 1 + 3 × 5. எனவே 4 = √(1 + 3 × 5). அதனை முன்னதில் அமைக்க, 3 = √(1 + 2√(1 + 3 × 5)) ஆகும். 5 = √(1 + 4 × 6) ஆதலின் அதனையும் உள்ளே அமைக்கலாம். இவ்வாறு ஒன்றை ஒன்றினுள் வைத்துச் செல்லச் செல்ல, இராமானுஜன் விடுத்த தொடர் முழுதும் 3 என்னும் ஒரே எண்ணிலிருந்து விரிந்தெழுகின்றது. இருபது சாண் துணியில் ஒரு சாண் கூட்டி ஒரு சாண் குறைத்த அந்த எளிய விதியே இதன் வித்து.

முடிவின்றிச் செல்லும் ஒன்றை இவ்வாறு எழுதிக் காட்டுதல் மட்டும் முழு நிறுவலாகாது. தொடர் உண்மையாகவே ஒரு நிலையான மதிப்பை நெருங்குகின்றது என்றும் காட்டுதல் வேண்டும். இத்தகைய தொடர் மூலங்கள் எந்நிலையில் அவ்வாறு நெருங்கும் என்பதனைப் பின்னர்த் தமிழ்நாட்டுக் கணித அறிஞர் தி. விஜயராகவன் ஆராய்ந்து வரையறுத்தார். ஒருவர் கண்ட வழியை மற்றொருவர் செப்பனிட, அறிவு வளர்கின்றது.

1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் இராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராய் அமர்ந்தார். 1913ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16ஆம் நாள், கேம்பிரிட்ஜில் வாழ்ந்த கணிதப் பேரறிஞர் ஹார்டிக்கு மடல் எழுதினார். மடலில் கண்ட தேற்றங்களை ஆராய்ந்த ஹார்டி, எழுதியவர் முதல்தரக் கணித மேதை என்று துணிந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் இராமானுஜன் சென்னையிலிருந்து இங்கிலாந்திற்குக் கப்பலேறினார்.

அவ்வாண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. பிற்காலத்தில் புள்ளியியல் துறையில் புகழ் பெற்ற மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். ஸ்டிராண்ட் என்னும் திங்களிதழில் கண்ட புதிர் ஒன்றை இராமானுஜனுக்குப் படித்துக் காட்டினார். இராமானுஜன் அடுப்பின் மேல் காய்களை வதக்கிக் கொண்டிருந்தார்.

புதிர் இதுதான்: ஒரு நீண்ட தெருவில் வீடுகள் 1, 2, 3 என வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டிற்கு ஒருபுறம் உள்ள எண்களின் தொகையும், மறுபுறம் உள்ள எண்களின் தொகையும் ஒன்றே. வீடுகள் 50க்கு மேல், 500க்குள் இருக்குமாயின், அவ்வீட்டின் எண் யாது? தெருவிலுள்ள வீடுகள் எத்தனை?

சிறிய தெரு ஒன்றை முதலில் நோக்குக. எட்டு வீடுகள் உள்ள தெருவில் ஆறாம் வீட்டிற்கு முன்னுள்ளவை 1 + 2 + 3 + 4 + 5 = 15; பின்னுள்ளவை 7 + 8 = 15. புதிர் பொருந்துகின்றது. இனி, எட்டு வீட்டு எண்களையும் கூட்ட 36 வரும். அது 6 இன் வர்க்கம்! இது தற்செயலன்று. விடையாகும் வீட்டின் எண் எதுவாயினும், தெருவின் முழுத்தொகை அதன் வர்க்கமாகவே இருக்கும். ஆகவே 1 முதல் வரிசையாகக் கூட்டி வரும் தொகைகளுள், வர்க்க எண்ணாகவும் அமைவது எது என்பதே புதிரின் உட்பொருள்.

இராமானுஜன் வாணலியில் வதக்கிக்கொண்டே விடையைத் தொடர் பின்னமாகக் கூறினார். அத்தொடர் பின்னம் ஒரு தெருவுக்கு மட்டும் விடையன்று. இவ்வகைத் தெருக்கள் எத்தனை உண்டோ அத்தனைக்கும் அது விடை. வினாவைக் கேட்டவுடன் விடை தொடர் பின்னமாக அமையும் என்று தமக்குப் புலப்பட்டதாகப் பின்னர் அவர் கூறினார். 50க்கும் 500க்கும் இடைப்பட்ட விடை, 288 வீடுகள் உள்ள தெருவில் 204ஆம் வீடு. 1 முதல் 203 வரை கூட்ட 20,706. 205 முதல் 288 வரை கூட்டினும் 20,706. முழுத்தொகை 41,616, அது 204 இன் வர்க்கம்.

இவ்விடை மற்றொரு பழைய கணக்கோடும் உறவுடையது. வீடுகளின் தொகையாகிய 288ஐ இரட்டித்து ஒன்று கூட்ட 577 ஆகும். வீட்டெண் 204ஐ இரட்டிக்க 408 ஆகும். 577 இன் வர்க்கம் 3,32,929. 408 இன் வர்க்கத்தை இரட்டிக்க 3,32,928. இரண்டிற்கும் வேற்றுமை ஒன்றே! ஆதலின் 577ஐ 408ஆல் வகுக்க வரும் 1.414215… என்பது, 2 இன் வர்க்கமூலத்திற்கு மிக அண்மையது. அம்மூலத்தின் மதிப்பு 1.414213… ஆகும். கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, வேள்வி மேடைகளை அளந்து கட்டுவதற்காக எழுந்த சுல்ப சூத்திரங்கள் 2 இன் வர்க்கமூலத்தைக் காண ஒரு விதி கூறின. ஒன்றோடு மூன்றில் ஒன்றும், பன்னிரண்டில் ஒன்றும் கூட்டி, நானூற்றெட்டில் ஒன்றைக் கழிக்க என்பது அவ்விதி. அவ்வாறு செய்ய வருவது 577/408. செங்கல் மேடையை அளந்தவர் கண்ட எண்களே, ஆங்கில இதழின் தெருப் புதிரிலும் தோன்றின. காலமும் இடமும் வேறாயினும் எண்ணின் உண்மை ஒன்றே.

1918ஆம் ஆண்டில் இராமானுஜன் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியும் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. ஆயின் அவர் உடல் நலம் குன்றியது. 1919இல் தாயகம் திரும்பினார். நோயினிடையிலும் எண்களை விடவில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், தம் 32ஆம் வயதில், சென்னையில் மறைந்தார்.

அவர் மறைந்தாலும் ஏடுகள் வாழ்ந்தன. 1957ஆம் ஆண்டில் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை அவர்தம் கையெழுத்து வடிவிலேயே இரு தொகுதிகளாக வெளியிட்டது. அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட், அவ்வேடுகளிலுள்ள முடிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளில் விளக்கம் அளித்தார். சிலேட்டுப் பலகையில் அழிந்த வழிகளை மீண்டும் காண அறிஞர் உலகம் இத்துணைக் காலம் உழைக்க நேர்ந்தது. அவர் பிறந்த டிசம்பர் 22ஆம் நாளை இந்திய நாடு தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகின்றது.

அவ்வேட்டைத் திறப்பவர் முதலில் காண்பது அரிய பெருந்தேற்றம் எதுவும் அன்று. பள்ளிச் சிறுவரும் விளையாடும் மாயச் சதுரமே. எளிய பொருளைச் சிறுமை என்று அவர் ஒதுக்கவில்லை. விடை வந்தவுடன் பலகையை மூடிவிடவும் இல்லை. "ஏன்?" என்று வினவினார், "எப்போதும் இவ்வாறுதானா?" என்று மீண்டும் வினவினார். வர்க்கமும் வர்க்கமூலமும் எல்லாப் பள்ளிகளிலும் கற்பிக்கப்படுகின்றன. எழுதுபலகையும் எல்லார்க்கும் எளிதில் கிடைக்கின்றது. அவ்விரு வினாக்களையும் விடாது வினவும் உள்ளமே அரிது. அவ்வுள்ளம் துணிக்கடைக் குமாஸ்தாவின் வீட்டிலும் தோன்றும். தறியும் தையற்பொறியும் ஓடும் தெருவிலும் தோன்றும். அதனை வளர்ப்பது மாணவர் கடமை. தோன்றிய இடத்தில் கண்டு காப்பது பெரியோர் கடமை.

பயிற்சி

1. ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்ட வர்க்க எண்கள் தோன்றுவது ஏன்?

2. ஒன்பது கட்ட மாயச் சதுரத்தின் நடுவில் 5 அமைவதற்குக் காரணம் கூறுக.

3. 2, 5, 8 என்னும் எண்களையும் 1, 2, 3 என்னும் எண்களையும் கொண்டு, பாடத்தில் கூறிய முறைப்படி ஒரு மாயச் சதுரம் அமைக்க. அதன் வரிசைத்தொகை யாது?

4. 49 வீடுகள் உள்ள தெருவில் 35ஆம் வீடு, பாடத்தில் கண்ட புதிருக்குப் பொருந்துமா? கூட்டிக் காண்க.

5. இராமானுஜன் பிறந்த நாளை முதல் வரிசையாகக் கொண்ட மாயச் சதுரம் ஒன்று கணித ஆர்வலரிடையே வழங்குகின்றது:

22 12 18 87
88 17 9 25
10 24 89 16
19 86 23 11

இதன் வரிசைத்தொகை 139. கீழுள்ள ஒவ்வோர் எண்ணும் முதல் வரிசையிலுள்ள ஓர் எண்ணோடு மூன்றுக்கு மேற்படாத ஒரு சிற்றெண்ணைக் கூட்டியோ கழித்தோ பெறப்பட்டதாகும். (88 என்பது 87 + 1, 17 என்பது 18 − 1.) இம்முறையை முழுதும் கண்டறிந்து, நும் பிறந்த நாளுக்கும் ஒரு சதுரம் அமைக்க.

6. இராமசாமி ஐயர் இராமானுஜனுக்கு எழுத்தர் வேலை தர மறுத்தமை உதவியாகுமா? காரணம் காட்டி ஒரு பத்தி எழுதுக.